ஏழாம் பக்கத்துக்கு ஒரு கையெழுத்து

அந்த ஆஸ்பத்திரியின் விசாரணை கவுண்டரில் உட்காருகிறவளுக்கு ‘ரெடிமேட்’ என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். “எக்ஸ்ரே...” என்று ஒருவர் இழுத்தால் போதும், “இடது பக்கம், மூணாவது கதவு, ரசீதைக் கையிலேயே வெச்சுக்கோங்க” என்று பதில் வந்து விழும். வந்தவர் எக்ஸ்ரே எடுக்க வந்தவரா, எக்ஸ்ரே எடுக்கிறவரின் மாமனாரா என்பதெல்லாம் அவளுக்கு அநாவசியம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பத்தில் ஒன்பது பதில் சரியாகத்தான் இருக்கும். பத்தாவது ஆள் பிரசவ வார்டு வரைக்கும் போய் வசவு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். அவர் சண்டை போட வாயைத் திறப்பதற்குள் அதற்கும் ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவளுடைய தம்பிக்கும் அங்கேதான் வேலை. கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது, அவளைவிட ஏழு வயது இளையவன். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடித்தாலும் முந்நூறும் ஓரத்தோடு ஓரம் பொருந்தி நிற்கும். ஆட்டிசம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. அதுவரைக்கும் “அவன் அப்படித்தான்” என்பதே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அவனிடம் ஒன்று கேட்டால் பதில் வரும். ஆனால் வரும்போதுதான் வரும். நடுவில் நீங்கள் பாதி டீ குடித்துவிடலாம்.

ரெடிமேடுக்கு அந்தப் பாதி டீயெல்லாம் ஆகாது. டாக்டர் அவனைக் கேட்டால் இவள் சொல்வாள். முடிவெட்டுகிறவர் அவனைக் கேட்டால் இவள் சொல்வாள். “தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இவளைக் கேட்கிற அளவுக்கு எல்லாரும் பழகிவிட்டார்கள். தம்பியைக் கரைத்துக் குடித்தவள் என்று அவளுக்கு ஒரு பெருமை. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை.

அவளிடம் ஒரு கதை உண்டு. தம்பிக்கு ஒன்பது வயதில், முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போன வழியில், அவள் கையை உதறிவிட்டு அவன் ஓடிப்போனான். பதினாறு வயதுப் பெண் தன்னந்தனியாகத் தெருத்தெருவாக அலைந்து, அழுது, கடைசியில் ஒரு கடிகாரக் கடை வாசலில் அவனைக் கண்டுபிடித்தாள். “ஏன்டா ஓடினேன்னு கேட்டா, மணி பாக்க வந்தேன்னு சொல்றான்!” என்று அவள் முடிக்கும்போது சிரிக்காதவர் கிடையாது, கண் கலங்காதவரும் குறைவு. “நீ இல்லேன்னா அந்தப் புள்ளையோட கதி என்னம்மா?” என்பார்கள். கவுண்டரில், பேருந்தில், உறவுக்காரர் வீட்டில், சலவைக்கூடத்தில் என்று அந்தக் கதை போகாத இடமில்லை.

இந்த நேரத்தில்தான் ரெக்கார்டர்காரி வந்து சேர்ந்தாள். அது ரெடிமேட் மனசுக்குள் வைத்த பெயர்; மற்றபடி அவள் நூலகத்தில் வேலை செய்கிற, முப்பது வயது மதிக்கத்தக்க, மெதுவாகப் பேசுகிற பெண். ஆட்டிசம் உள்ளவர்கள், எழுத்து கண்ணுக்குப் பிடிபடாதவர்கள், கவனம் ஒரு இடத்தில் நிற்காதவர்கள் என்று ஒன்பது பேரை, அவரவர் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து, அதை அச்செடுத்து, ஒரு சனிக்கிழமை நூலக மண்டபத்தில் படிக்கவைப்பது திட்டம். தம்பியின் பெயரைக் கொடுத்ததே ரெடிமேட்தான். தம்பியின் கதை என்றால் சொல்லப்போவது யார்? தான்தானே! அந்த நினைப்பில் நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு, தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள்.

அந்தப் பெண் தம்பிக்கு எதிரே உட்காரவில்லை. அவனுக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவது கஷ்டம் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இருவரும் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். கேள்விகளை அட்டையில் எழுதி ஒரு வாரம் முன்னாடியே அவனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எதுங்க?”

“சலவைக்கூடம்தான். வேற எங்க போறான் அவன்?” என்றாள் ரெடிமேட்.

“சின்ன வயசுல எதுக்குப் பயப்படுவீங்க?”

“மிக்ஸி சத்தம். காதைப் பொத்திக்குவான். ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா...”

ஒரு மணி நேரம் அமோகமாகப் போனது. கடிகாரக் கடைக் கதையையும் சொன்னாள். நூலகத்துப் பெண் சிரிக்கவில்லை. அது அன்றைக்கே ரெடிமேடை உறுத்தியது.

அடுத்த வாரம் பேச்சை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள் அந்தப் பெண். பன்னிரண்டு பக்கம். தம்பி பேசியதற்குக் கீழே கோடு போட்டிருந்தது. மொத்தம் பதினேழு சொல்.

“மீதியெல்லாம்?”

“மீதி நீங்க பேசினதுங்க.”

“அவனுக்காகத்தானே பேசினேன்?”

“புரியுதுங்க. அடுத்த தடவை நீங்க வெளியில உக்காந்தா நல்லா இருக்கும். அவரையும் கேட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார்.”

அவரும்! அந்த ஒரு சொல் ரெடிமேடின் மூக்கை உடைத்தது. நேற்று முளைத்தவள் இவனைக் கேட்டாளாம், இவனும் சொன்னானாம். இத்தனை வருஷமாகச் சோறு ஊட்டியவள் வெளியே, வந்து எட்டு நாள் ஆனவள் உள்ளே. நல்லா இருக்குடா சாமி நியாயம்!

வெளியே ஒரு மர பெஞ்சு. தம்பியின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு வழியாக ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. ‘அப்பாடா, வாயைத் திறக்கலை, நம்மளைத்தான் கூப்பிடுவாங்க’ என்று சந்தோஷப்பட்டாள். அப்போது உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆண் சிரிப்பு. யாரென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவன்தான். தன்னோடு இருக்கும்போது அவன் கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. வயிறு எரிந்தது. எரிந்ததென்றால் நிஜமாகவே எரிந்தது. பையிலிருந்த தண்ணீரை எடுத்து அவன் பங்கையும் சேர்த்துக் குடித்தாள்.

“என்னடா பேசினீங்க அவ்வளவு நேரம்?” என்று பேருந்தில் கேட்டாள்.

இரண்டு நிறுத்தம் தாண்டியது. “அது ரெக்கார்டர்ல இருக்கு” என்றான்.

நான்காவது வாரம் நூலகத்துப் பெண் பேச்சுவாக்கில், “மூணாவது மாடியில விரிப்பு அடுக்கற ரூம் இருக்காமே, கீழ்த் தட்டுக்கு அடியில உக்காந்துதான் சாப்பிடுவாராம். சத்தமே இருக்காதாம். அவருக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச இடமாம்” என்றாள். ரெடிமேட் சிரித்து மழுப்பினாள். பதினோரு வருஷமாக டிபன் டப்பா கட்டிக் கொடுக்கிறாள். அவன் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவளுக்கு, அதே கட்டிடத்தில் தன் தம்பி எங்கே சாப்பிடுகிறான் என்று இன்னொருத்தி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, அந்த ரெக்கார்டர்காரி செய்வதைத்தானே செய்ய வேண்டும், என்ன பெரிய வித்தை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்தில் இறங்கினாள். காலண்டர் அட்டையை வெட்டி ஆறு அட்டை செய்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கைபேசியில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, முதல் அட்டையை நீட்டினாள். ‘அக்கா உனக்காக என்னென்ன செஞ்சிருக்கா?’

தம்பி அட்டையைப் படித்தான். திருப்பிப் பின்பக்கம் இருந்த தேதிகளையும் படித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றால் பத்து எண்ணும் வரைக்கும். “வேலை வாங்கிக் கொடுத்தேன்ல? அதைச் சொல்லலாம். அப்புறம் நீ ஓடிப்போனப்ப...”

“இது கேள்வி இல்லை” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனான் தம்பி.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “எதுக்குடி அவனைப் போட்டு நச்சரிக்கறே?” என்றாள். எழுபத்தொரு வயதிலும் அம்மாவுக்குக் காது கூர்மை.

படிக்கும் சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு, சாப்பாட்டு நேரத்தில், நூலகத்துப் பெண் ஒரு உறையோடு கவுண்டருக்கே வந்தாள். திட்டத்தில் ஒரு விதி இருந்தது. கதையில், பெயரைக் கொடுத்துச் சேர்த்துவிட்டவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அந்தப் பக்கத்தை அந்த ஆளிடம் காட்ட வேண்டும். அவர் ‘சம்மதம்’ என்று கையெழுத்துப் போட்டால் படிக்கலாம். ‘வேண்டாம்’ என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். கதை தம்பியுடையதாக இருந்தாலும், வாழ்க்கை இன்னொருவருடையதும் ஆயிற்றே.

“மொத்தம் எட்டுப் பக்கங்க. முழுசும் பார்க்கலாம்னு அவரே சொன்னார். உங்களைப் பத்தி வர்றது ஏழாவது பக்கம்” என்றாள் அந்தப் பெண்.

ஏழாவதா? தன் பெயரில்தானே ஆரம்பிக்க வேண்டும்! ரெடிமேட் பக்கங்களை விறுவிறுவென்று புரட்டினாள். படிக்கவில்லை, எண்ணினாள். உலர்த்தும் மெஷினுக்கு இரண்டு பக்கம். மூன்றாம் மாடி அறைக்கு ஒரு பக்கம். ஈர விரிப்புக்கும் காய்ந்த விரிப்புக்கும் உள்ள வாசனைக்கு முக்கால் பக்கம். நூலகத்துப் பெண்ணின் இருமலுக்கு நாலு வரி! இருமலுக்கு! இருமினால் வாயை மூடிக்கொண்டு “சாரி” என்று மெதுவாகச் சொல்வாளாம், அது அவனுக்குப் பிடிக்குமாம். தான் எத்தனை வருஷம் இருமியிருப்போம் என்று நினைத்தபோது ரெடிமேடின் காதில் புகை வராததுதான் குறை. அப்புறம் ஏழாம் பக்கம் வந்தது.

‘எனக்கு ஒன்பது வயசு. முடி வெட்டப் போனோம். வழியில அக்கா என்னைக் கடிகாரக் கடை வாசல்ல நிறுத்துச்சு. இங்கேயே நில்லு, நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு சொல்லுச்சு. அக்காவோட ரெண்டு ஃப்ரெண்டு இருந்தாங்க. மூணு பேரும் சினிமாவுக்குப் போனாங்க. அப்ப மணி பத்து நாப்பது. கண்ணாடிக்குள்ள பதினொரு கடிகாரம். நாலு தப்பா ஓடுச்சு. கடைக்காரர் போடா போடான்னு சொன்னார். நான் போகலை. மழை பெஞ்சுது. நான் நகரலை. ஒண்ணுக்கு வந்துச்சு. நான் நகரலை. மூணு பத்துக்கு அக்கா வந்துச்சு. வீட்டுல நான் ஓடிப் போயிட்டேன்னு அக்கா சொல்லுச்சு. அதுலேருந்து அம்மா கதவைப் பூட்டிடுவாங்க. பன்னெண்டு வருஷம். நான் ஓடலை. நான் நல்லா நின்னேன்.’

அவ்வளவுதான் பக்கம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து முப்பது வருஷமாக ஊருக்கே பரிமாறியவள் ரெடிமேட். அவனுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததையும் மறந்தாள். சொல்லிச் சொல்லி, தான் அழுது தேடிய தெருக்கள் கூட அவளுக்குக் கண்ணில் தெரிய ஆரம்பித்திருந்தன. ஆனால் உள்ளதைச் சொல்வதென்றால், அந்த நிமிஷத்தில் அவளுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொறாமைதான். இதை அவன் என்கிட்ட சொல்லியிருக்கலாமே! எத்தனை நாள், எத்தனை பேருந்துப் பயணம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்! போயும் போயும் இவள்கிட்டயா?

“நீங்க என்ன நினைக்கறீங்க என்னைப் பத்தி?” என்று கேட்டாள். குரல் கீச்சென்று வந்தது.

“நான் ஒண்ணும் நினைக்கலைங்க. யோசிச்சு நாளைக்குள்ள சொன்னாப் போதும்.”

அந்த நிதானம்தான் அவளை வெறியேற்றியது. யோசிப்பதா, ரெடிமேடா? பேனாவை எடுத்தாள், ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டாள், கையெழுத்துப் போட்டாள், உறையைத் தள்ளினாள். “எக்ஸ்ரேக்கு எப்படிப் போகணும்...” என்று பின்னால் ஒருவர் கேட்டதற்கு, முதல் தடவையாக, “தெரியாது” என்றாள்.

மறுநாள் காலையில் சலவைக்கூடத்துக்கு இறங்கிப் போனாள். நூலகத்துப் பெண் முந்தின நாள் சாயந்திரமே தம்பியிடம் சொல்லிவிட்டிருந்தாள். வீட்டில் அவன் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள்தான் ராத்திரி பூராவும் சோறும் இறங்காமல் தூக்கமும் வராமல் கிடந்தாள்.

கூடத்தில் மூன்று உலர்த்தும் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததுமே வியர்த்துக் கொட்டியது. தம்பி ஒரு விரிப்பின் இரண்டு ஓரத்தைப் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தான்.

“என் மேல கோவமாடா?”

விரிப்பு நான்காக, எட்டாக மடிந்தது. இன்னொரு விரிப்பும் மடிந்தது. அவள் வேறு வழியில்லாமல் நின்றாள்.

“இல்லை. ரூல் அப்படி” என்றான். அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அவன் முடிக்கவில்லை. “ஏழாம் பக்கம் போனா எட்டாம் பக்கம் புரியாது.”

“எட்டாம் பக்கத்துல என்ன?”

“கதவு” என்றான்.

கூடத்தின் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. திறந்தால் தோட்டம், காற்று, மர நிழல். அதில் ஒரு பூட்டு தொங்கியது. மேற்பார்வை பார்க்கிறவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். “என்ன ரெடிமேடம்மா, கதவையா பாக்கறீங்க? கவலையே படாதீங்க. தம்பி ஷிஃப்டுல நான் ஒரு நாளும் திறந்ததில்லை. அவர் ஓடிப்போற ஆளுன்னு சேர்த்துவிடும்போதே நீங்க சொன்னீங்களே! நாங்கதான் வெந்து சாகறோம், பரவாயில்லை!” என்று சிரித்தார்.

பதினோரு வருஷம். அவள் சிரிக்க வைத்த கதை அங்கே பூட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ‘திறங்க’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, ஒரு கேள்வி” என்றான் தம்பி, மடித்துக்கொண்டே. “சனிக்கிழமையும் நான் ஓடிப்போனவனா?”

அவளிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தாள், நிஜமாகவே இல்லை. அவன் அவசரப்படுத்தவில்லை, அடுத்த விரிப்பை எடுத்தான்.

மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டு நூலகத்துக்குப் போனாள். “அந்த ஃபாரத்தைக் குடுங்க” என்றாள். நூலகத்துப் பெண் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். போட்ட கோட்டை அடித்துவிட்டு ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் போட்டாள். “உங்களை எனக்குப் பிடிக்கலை” என்றும் சொன்னாள், அதையும் மறைப்பானேன் என்று.

“தெரியுங்க” என்றாள் அந்தப் பெண். இருமினாள். “சாரி” என்றாள்.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளும் துடித்தாள். சமையலறை வரைக்கும் போவாள், உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள். சனிக்கிழமை வந்தது.

மண்டபத்தில் அறுபது நாற்காலி. அம்மாவும் அவளும் இரண்டாவது வரிசை. நான்காவது ஆளாகத் தம்பி எழுந்தான். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கூட்டத்தைப் பாராமல் ஜன்னலைப் பார்த்தபடி படித்தான். ஒரே சீரான குரல். மெஷின் சத்தம் எந்த நிமிஷத்தில் மாறும் என்று அவன் படித்தபோது கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். அம்மா பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை பேரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க ரெடிமேடுக்கு அப்போதும் பொறுக்கவில்லை. அந்த இடம் என்னுடையது என்று உள்ளே ஒன்று அலறியது.

ஏழாம் பக்கம் வந்தது. அவள் தரையைப் பார்த்தாள். மூணு பத்துக்கு அக்கா வந்துச்சு. பன்னெண்டு வருஷம். நான் நல்லா நின்னேன். பிறகு எட்டாம் பக்கம், சலவைக்கூடத்துப் பூட்டிய கதவு. கைதட்டினார்கள்.

அம்மா கைதட்டவில்லை. “நான்தானேடி பூட்டினேன்” என்றாள், யாரிடமோ சொல்வது போல. “ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நான்தானே சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“அம்மா, நான் அப்ப சின்னப் பொண்ணு...”

அம்மா எழுந்து போய்விட்டாள். நேராகத் தம்பியின் நாற்காலிக்கு. ரெடிமேட் பின்னாலேயே ஓடினாள். அம்மா அவன் முன்னால் நின்று, பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏன்டா அப்பவே சொல்லலை என்கிட்ட?”

ரெடிமேடுக்கு ஆயிரம் பதில் நெஞ்சு வரைக்கும் வந்தது. அவனுக்குச் சொல்லத் தெரியாதும்மா, பயந்திருப்பான்மா, குழந்தைம்மா அவன். வாயை மூடிக்கொண்டாள். அவன் காகிதங்களை ஓரம் பொருத்தினான். எட்டுப் பக்கத்தையும், ஒவ்வொன்றாக.

“நீ அக்காவைத்தான் கேட்டே” என்றான்.

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மகன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அன்னிக்குக் கால் வலிச்சுதாடா?”

முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வி ரெடிமேடுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருக்க வேண்டியது அவளுக்குத்தான். அதையும் இன்னொருத்தி கேட்டுவிட்டாள் என்று, அந்த நிலையிலும், பெற்ற தாயின் மேலேயே பொறாமை வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

“வலிச்சுது” என்றான் தம்பி. “இடது கால் ரொம்ப.”